தேதி தவறாத சம்பளம்

எங்கள் அக்கா வேலைக்குப் போகிறாளா இல்லையா என்று தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். அரசாங்கத்துக்கு மட்டும் அதைக் கண்டுபிடிக்க முக்கால் வருடம் ஆயிற்று. அந்த முக்கால் வருடமும் வாங்கியது என் உயிரை.

அப்பா குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள். பிறகு அப்பாவும் போனார். அவருடைய ஓய்வூதியம் அத்தோடு நின்றுபோக வேண்டியதுதான். ஆனால் உடல் ஊனத்தால் தானே சம்பாதித்துப் பிழைக்க இயலாத பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்று விதியில் இருக்கிறது. அக்காவுக்குக் குழந்தையில் வந்த காய்ச்சலில் இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. எங்கள் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே அந்த விதியை எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அத்தனை அப்பாவியாக இருந்தேன் அப்போது.

நான் பஸ் கண்டக்டர். கல்யாணம் என்று ஒன்று செய்து, அதைத் தலைமுழுகிவிட்டு வந்தவள். அக்கா இப்போது என்னோடு இருக்கிறாள். என் சம்பளத்தில் இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம், அதில் குறையில்லை. ஆனால் நாளைக்கே நான் பஸ் படிக்கட்டில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தால் அவளுக்கு ஒரு வாய் சோறு போட ஆள் கிடையாது. அந்த ஓய்வூதியம் கிடைத்துவிட்டால் எனக்குப் பிறகும் அவள் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். அதற்காகத்தான் இத்தனை அலைச்சலும்.

ஓய்வூதிய அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் வேலை செய்யாது. காலில்லாதவர்களும் கண் தெரியாதவர்களும் வந்து போகிற அலுவலகத்தை மூன்றாவது மாடியில் வைத்த புண்ணியவானை நான் பார்க்க வேண்டும். கவுண்டர் கண்ணாடியில் பேசுவதற்கென்று விட்டிருக்கும் ஓட்டை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. யாராக இருந்தாலும் குனிந்துதான் பேசியாக வேண்டும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவுக்கு நான் வைத்த பெயர் 'இணைப்பு'. என்ன கொண்டுபோனாலும் "இதுக்கு இணைப்பு எங்க?" என்பார். அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்கு இணைப்பாக அம்மாவின் இறப்புச் சான்றிதழ் கேட்டார். அதைக் கொடுத்ததும், அம்மாதான் அப்பாவின் மனைவி என்பதற்கு இணைப்பு கேட்டார். அப்பாவுக்கே அந்தச் சந்தேகம் ஒருநாளும் வந்ததில்லை.

எல்லாம் கொடுத்து, மருத்துவக் குழுவும் ஊனத்துக்குச் சான்று கொடுத்து, கடைசியில் நேர்காணல் என்று கூப்பிட்டார்கள். அக்காவை ஒவ்வொரு படியாக ஏற்றிக் கொண்டுபோனேன். அதிகாரி ஒரு பெண். அதட்டாமல் பேசினார். அக்காவைப் பார்த்து, ஏதாவது வேலைக்குப் போகிறீர்களா என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"போறேனே. மாஸ்டர் தையல் கடையில பட்டன் தெக்கிறேன். லீவே போட்டதில்ல. ஒண்ணாம் தேதியானா சம்பளம் கையில வந்துடும். கடையில மத்தவங்களுக்கெல்லாம் பத்து, பதினஞ்சுன்னு இழுப்பாரு. எனக்கு மட்டும் தேதி தவற மாட்டாரு. இப்பதான் ரெண்டு மாசமா கொஞ்சம் லேட்."

இதில் அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அவளை முன்னால் கூப்பிட்டு, என்ன வேலை பார்க்கிறாய் என்று சொல்லும்மா என்பார். பால்காரரிலிருந்து வீட்டுக்காரர் வரை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். கேட்பவர்கள் முகத்தில் இருக்கிற பரிதாபம் அந்தப் பதிலில் அப்படியே கலைந்துபோகும். அதைப் பார்க்க அப்பாவுக்கு ஆசை. மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆட்டமும் பழக்குவார்கள், எங்கள் வீட்டில் பழக்கியது இது. அப்பா பழக்கிய பாடத்தை அவள் அப்பாவின் ஓய்வூதியத்துக்கு எதிராகவே பிசகில்லாமல் ஒப்பித்துவிட்டாள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், விண்ணப்பதாரர் வருமானம் ஈட்டுபவர்.

படிக்கட்டிலேயே அவளைப் பிடித்துக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று கத்தினேன். பஸ்ஸில் கத்திப் பழகிய தொண்டை, மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். அவள் நிதானமாக, "வேலைக்குப் போறவளைப் போகலன்னு சொல்லச் சொல்றியா?" என்று கேட்டாள். எனக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

மறுநாள் மாஸ்டரிடம் போனேன். அக்காவின் மேசை காலியாக இருந்தது, சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். மேசை விளிம்பில் அப்பா செய்து கொடுத்த மரக் கவ்வி திருகி வைத்திருந்தது. அது சட்டையைப் பிடித்துக்கொள்ள, அவள் வலது கையால் ஊசி போடுவாள். ஒரு சட்டைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்டதில்லை. மாஸ்டர் ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை என்பது மட்டும் தெரியும். அவள் வாங்குவது ஒரு சம்பளமே அல்ல, கைச்செலவுக்குத்தான் காணும் என்று எழுதிக் கொடுங்கள் அண்ணே என்று கேட்டேன். மாஸ்டர் கழுத்தில் தொங்கிய டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். எனக்குப் பொறுமை கிடையாது. எழுத முடியுமா முடியாதா என்றேன்.

"அது என் காசு இல்லம்மா. உங்கப்பா காசு. மாசக் கடைசியில கொண்டாந்து குடுப்பாரு, ஒண்ணாம் தேதி நான் அவகிட்ட குடுப்பேன். அவர் போனப்புறம் ரெண்டு மாசம் என் கையிலேர்ந்து போட்டேன். எப்படி நிறுத்துறதுன்னு தெரியல. அதான் லேட்டாயிடுச்சு."

வீட்டுக்கு வந்து அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றேன். செத்தவரோடு சண்டை போட முடியாது என்பார்கள். நான் போட்டேன். என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா, உங்கள் மகளுக்கு நீங்களே முதலாளியாக இருந்துவிட்டு இப்போது என்னை அலுவலகம் அலுவலகமாக நாயாக அலைய விடுகிறீர்களே என்று திட்டினேன். திட்டும்போதே அழுகை வந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மாஸ்டர் நேரில் வந்து இதைச் சொன்னால் விண்ணப்பத்தை மறுபடி பார்க்கலாம் என்றார் இணைப்பு. சொல்லும்போது விண்ணப்பதாரரும் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். அவள் வெளியே பெஞ்சில் இருக்கட்டுமே என்று கெஞ்சிப் பார்த்தேன். நான் கெஞ்சுவது அபூர்வம், அதன் மதிப்பு அவருக்குத் தெரியவில்லை.

அந்த அறையில் அந்நியர்கள் நடுவில் அவள் இதைக் கேட்க வேண்டாம் என்று வீட்டில் நானே முதலில் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கை தட்டிலேயே இருந்தது. அழவில்லை. மாஸ்டருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமா என்று மட்டும் கேட்டாள். மறுநாள் கடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. லீவே போடாதவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓய்வூதியமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு படிக்கட்டில் நான் வழுக்கி விழுவது கண் முன்னால் வந்தது. கிளம்பு என்றேன்.

மறுபடி மூன்று மாடி. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். இணைப்பு தட்டச்சு செய்து, படித்துக் காட்டினார்: விண்ணப்பதாரர் எந்த வேலையும் செய்ய இயலாதவர், இதுவரை எந்த வேலையும் செய்ததில்லை. கையெழுத்துப் போடச் சொல்லி அக்காவின் பக்கம் நகர்த்தினார்.

அக்கா பேனாவைத் தொடவில்லை.

நான் காதோடு காதாகச் சொன்னேன். காலை மிதித்தேன். இது வெறும் அலுவலகப் பாஷை, யார் படிக்கப் போகிறார்கள் என்றேன். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, போட்டுத் தொலையேன் அக்கா என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உன் சம்பளம் யார் பையிலேர்ந்து வருதுன்னு நீ என்னைக்காவது போய்ப் பாத்திருக்கியா? யார் குடுத்தாலும் டிக்கெட் குடுத்தது நீதானே? சம்பளம்தான் அப்பாவோடது. பட்டன் நான் தெச்சது."

மாஸ்டர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அதில் இருந்த பட்டன்களும் அவள் தைத்தவையாகத்தான் இருக்கும்.

அதிகாரி அந்தத் தாளை வாங்கிப் படித்தார். விதிப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி அதையும் படித்தார். வேலை செய்யக் கூடாது என்று இதில் எங்கே இருக்கிறது, சம்பாதித்துப் பிழைக்க இயலாதவர் என்றுதானே இருக்கிறது என்று இணைப்பைக் கேட்டார். இணைப்பு, வழக்கமாக இப்படித்தான் போடுவது என்றார். அப்படியானால் வேலை செய்கிறார், அதில் வருமானம் இல்லை என்று போடுங்கள் என்றார் அதிகாரி. இணைப்புக்கு வியர்த்துவிட்டது.

"படிவத்துல அப்படி ஒரு வரிக்கு இடமே இல்ல மேடம்."

"தனித் தாள்ல எழுதுங்க. இணைப்பா வையுங்க."

சிரிப்பை அடக்குவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அக்கா அந்தத் தனித் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

இறங்கும்போது மாஸ்டருக்கு மனது கேட்கவில்லை. இனிமேல் சத்தியமாக நானே என் கையால் சம்பளம் தருகிறேன் என்று ஆரம்பித்தார். வாயை மூடுங்கள் அண்ணே, சுவருக்குக்கூடக் காது இருக்கிற கட்டடம் இது, நீங்கள் ஒரு பைசா கொடுத்தாலும் மறுபடி மேலே ஏற வேண்டும் என்றேன். மனுஷன் மிரண்டுபோய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அக்கா எங்களைக் கவனிக்கவில்லை. மேசையில் சட்டைகள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று கேட்டாள். நிறைய என்றார் மாஸ்டர். திரும்பும் வழியில் கடை வாசலிலேயே ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டாள்.

உத்தரவு வந்தது. அதன் பிறகும் ஒரு கையொப்பம் குறைகிறது, ஒரு முத்திரை குறைகிறது என்று இழுத்தார்கள். ஒன்றாம் தேதி வரும் என்றார்கள், அவள் காலையிலேயே தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வரவில்லை. அந்த மாதம் பாதி கழிந்த பிறகுதான் வங்கியில் விழுந்தது. நான் சந்தோஷத்தில் ஓடிப்போய்க் கடையில் சொன்னேன். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூலைக் கவ்வியில் மாட்டிவிட்டு, என்ன தேதி இன்றைக்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகத்தில் அப்படி ஒரு எரிச்சல், பார்க்க அச்சு அசல் என்னைப் போலவே இருந்தாள்.

"அப்பா ஒரு மாசம்கூட இப்படி லேட் பண்ணினதில்ல" என்றாள்.