கவன் பூத்த சரிவில் ஓர் உபசாரம்

தேனீப் பெட்டி ஏற்றுகிற லாரி என்னுடையது. குளிர் தொடங்கும்போது பூஷெர் பக்கம் இலந்தை பூக்கும். வசந்தத்தில் தெஸ்ஃபூல் தோப்புகளில் ஆரஞ்சு. அது உதிர்ந்ததும் கான்சார் மலையில் கவன் முள்செடி. எங்கே பூக்கிறதோ அங்கே கொண்டுபோய் இறக்குவது என் பிழைப்பு. பூவின் அழகைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் டீசல், கயிறு, கொட்டினால் வீங்குகிற கன்னம்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மாஹ்ரோக் அக்காவின் பெட்டிகளில் பாதி ஆரஞ்சுத் தோப்பிலேயே காலியாகிவிட்டன. புருஷன் போனபின் தனியாகப் பூவின் பின்னால் அலைகிறவள். இஸ்ஃபஹானில் அவளுடைய அண்ணன் ஓர் அறையை ஒழித்து வைத்து, எப்போது வருவாள் என்று காத்திருந்தான்.

"இந்தக் கவன் பூவும் கைவிட்டுச்சுன்னா இருக்கற ஈய வித்துட்டு அண்ணிக்கு வெங்காயம் நறுக்கப் போக வேண்டியதுதான் யதுல்லா," என்று வழியெல்லாம் புலம்பினாள்.

"வெங்காயம் நறுக்கறது நல்ல வேலைதான் அக்கா. ஈ மாதிரி கொட்டாது."

"என் அண்ணியை நீ பாத்ததில்ல."

நல்ல இடம் கிடைத்தது. ஓடையோரம் ஒரு சமதரை, மேலே சரிவு முழுக்கப் பூ. முதலில் பெட்டி வைத்தவருக்கே அந்தப் பருவத்துக்கு இடம் சொந்தம், எங்கள் மலைகளில் அப்படித்தான். இரண்டே நாளில் ஈக்கள் இடம் பழகி, கால் நிறைய மகரந்தம் சுமந்து வந்தன. அக்கா முகம் தெளிந்தது. நானும் லாரியைப் பழுது பார்க்கிற சாக்கில் அங்கேயே தங்கிவிட்டேன். அவள் சமையல் அப்படி.

மூன்றாம் நாள் விடியலில் கராமத் ஹாஜி வந்து சேர்ந்தார். ஷிராஸ் பக்கத்து ஆள், நரைத்த தாடி, இரண்டு மகன்கள், அக்காவைப்போல் நாலு மடங்கு பெட்டிகள். ராத்திரி முழுக்க வாசல் அடைத்த பெட்டிகளுக்குள் ஈக்கள் புழுங்கிக்கொண்டிருந்தன. அக்காவின் பெட்டிகளைப் பார்த்ததும் மனுஷன் மார்பில் கை வைத்து, "மன்னிக்கணும்மா, நாங்க வேற மலை பாத்துக்கறோம்," என்றார்.

சரி என்று விட்டிருக்கலாம். விடுவாளா? வாசலுக்கு வந்த பெரியவரை அப்படியே அனுப்புவது எங்கள் ஜனத்துக்கு ஆகாது.

"ஐயோ ஹாஜி, இந்த இடமே உங்களுதுதான். என் கண்ணுமேல இறங்குங்க."

"செத்தாலும் மாட்டேன்."

"நீங்க போனா நான் வெட்கத்துல செத்துடுவேன்."

மூன்று முறை மறுப்பது முறை. அவரும் மறுத்தார். அத்தோடு இவள் நிறுத்தியிருக்க வேண்டும். நாக்கு நிற்கவில்லை, நாலாவது முறையும் வற்புறுத்தினாள். நாலாவது முறை சொன்னால் அது உபசாரம் இல்லை, நிஜம். ஹாஜியின் பெரிய மகன் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான்.

"அப்படின்னா உங்க பெட்டிகள நாங்களே சுமந்து அந்த மேட்டுக்குப் பின்னாடி வெச்சுத் தரோம். அங்கயும் பூ இருக்கு," என்றார் ஹாஜி.

எனக்குத் திக்கென்றது. மேடு ஒரு கூப்பிடு தூரம். ஈ வீட்டை நினைவு வைப்பதில்லை, இடத்தைத்தான் நினைவு வைக்கும். ஒன்று அடிக்கணக்கில் நகர்த்து, இல்லையென்றால் ஊர்விட்டு ஊர் கொண்டுபோ. நடுவாந்தரமாக நகர்த்தினால் மேயப்போன ஈ பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இது ஹாஜிக்குத் தெரியும், அவர் மகன்களுக்குத் தெரியும், கழுதைக்கும் தெரியும். ஆனால் ஹாஜி அதைச் சொன்னால் அவள் உபசாரம் பொய் என்றாகும். அவள் சொன்னால் கொடுத்ததைப் பிடுங்கினதாகும்.

"அக்கா, ஈ திரும்பி..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு," என்று சிரித்த முகத்தோடே பல்லைக் கடித்தாள்.

அன்று ராத்திரியே அவள் பெட்டிகள் மேட்டுக்குப் பின்னால் போயின. மறுநாள் நான் பயந்தபடியே நடந்தது. மேட்டுக்குப் பின்னாலிருந்து கிளம்பிய ஈக்கள் பூவில் மேய்ந்துவிட்டு நேரே ஓடையோரம் போய் இறங்கின. அங்கே நின்றவை ஹாஜியின் பெட்டிகள். சுமையோடு வருகிற ஈயைக் காவல் ஈ தடுப்பதில்லை, உள்ளே விட்டுவிடும். சாயங்காலம் அக்கா ஒரு பெட்டியைத் திறந்தாள். ராணியும், பறக்கத் தெரியாத குஞ்சு ஈக்களும் மட்டும் இருந்தன. மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளைத் திட்டுவதா, ஹாஜியைத் திட்டுவதா என்று தெரியவில்லை. லாரிச் சக்கரத்தை உதைத்தேன், கால்தான் வலித்தது.

இரண்டு நாள் கழித்து ஹாஜி மகன்களோடு வந்தார். ரொட்டி, தயிர், ஒரு தட்டு பேரீச்சம்பழம். அவருக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். உடம்பு எப்படி, ஊர் எப்படி என்று சுற்றி வளைத்துவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"உங்க ஈயெல்லாம் எங்க வீட்டுக்கு விருந்தா வந்திருக்கு. வீடு மட்டும் யாருது? எல்லாப் பெட்டியும் உங்களுதுதான்மா. எது வேணுமோ எடுத்துக்கோங்க."

அவள் "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க" என்பதற்காக எல்லோரும் காத்திருந்தோம். ஹாஜியின் கை அடுத்த முறை சொல்வதற்குத் தயாராக மார்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

அக்கா தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"சரி ஹாஜி. எடுத்துக்கறேன்."

சின்ன மகன் வாயில் போட்ட பேரீச்சம்பழத்தை மென்று விழுங்க மறந்தான். ஹாஜி தாடியைத் தடவினார்.

"எடுத்துக்கோங்கம்மா," என்றார்.

அந்தி சாய்ந்து ஈக்கள் அடங்கியதும் வேலை ஆரம்பித்தது. அவளுடைய பெட்டிகள் எத்தனையோ அத்தனையை ஹாஜியின் வரிசையிலிருந்து அவளே தட்டிப் பார்த்துக் கனமானவையாகத் தேர்ந்தெடுத்தாள். தன்னுடைய காலிப் பெட்டிகளை ராணிகளோடு மேட்டுக்குப் பின்னாலேயே அவருக்கு விட்டாள். மகன்கள் சுமந்துவந்து லாரியில் ஏற்றினார்கள். இங்கேயே வைத்தால் ஈக்கள் மறுபடி ஓடையோரம்தான் போகும். ஆகவே தொலைவில் சஹர்மஹால் பக்கம், இனிமேல்தான் பூக்கப்போகிற மேல்மலைக்கு ஓட்டச் சொன்னாள்.

நான் எஞ்சினைக் கிளப்பியபோது ஹாஜி ஜன்னலோரம் வந்து நின்றார்.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருந்துட்டுப் போங்க."

"வேண்டாம் ஹாஜி," என்றாள் அக்கா.

அவர் மறுபடி கேட்கவில்லை.