சோடா தனியாக இருக்காது

ஜான்சனுக்கும் எஸ்தருக்கும் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சூடாக இட்லி சாப்பிட்டது எத்தனை நாள் என்று யாராவது கேட்டால், ஜான்சன் கீழே குனிந்து பார்ப்பான். அங்கே சோடா நின்றுகொண்டு வாலை ஆட்டும்.

சோடா ஒரு நாய். முயலைவிடக் கொஞ்சம் பெரியது. அம்மா தெருநாய், அப்பா ஏதோ ஒரு கல்யாண மண்டபத்து முதலாளி வீட்டுப் பொமரேனியன் என்று கேள்வி. "பாதி பொமரேனியன், மீதி பஸ் ஸ்டாண்டு" என்பாள் எஸ்தர். ஒரு மழை நாளில் அவள்தான் அதைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். துப்பட்டாவைப் பிரித்ததும், குலுக்கித் திறந்த சோடா பாட்டில் மாதிரிப் பொங்கிக் கட்டில், நாற்காலி, ஜன்னல் என்று வீட்டையே ஒரு சுற்று சுற்றி வந்தது. அன்றைக்கு வைத்த பெயர். அன்றைக்குப் பொங்கியது இன்னும் அடங்கவில்லை.

ஓடட்டும், குதிக்கட்டும், செருப்பைத் தின்னட்டும். அதையெல்லாம் ஜான்சன் பொறுத்துக்கொண்டான். ஆனால் சோடா தனியாக இருக்காது. கதவைச் சாத்திய மறு நிமிடம் ஆரம்பித்துவிடும். அதைக் குரைப்பு என்றும் சொல்ல முடியாது, ஊளை என்றும் சொல்ல முடியாது. யாரையோ பிடித்துக் கழுத்தை நெரிப்பது போல ஒரு கத்தல். பிள்ளையார்பாளையத்தில் சுவரோடு சுவர் ஒட்டிய தெரு அது. கீழ்வீட்டில் வீட்டுக்காரர் மாணிக்கவேல் தறி நெய்கிறார். மாடியில் இவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள்.

மாணிக்கவேலின் மனைவி தேவகி ஒருநாள் மேலே ஏறி வந்தாள்.

"எஸ்தரு, நான் ஒண்ணும் சொல்லலம்மா. பக்கத்து வூட்டுல போலீசுக்குப் போன் பண்லாமான்னு பேசிக்கினு இருக்காங்க. நீங்க யாரையோ கட்டிப்போட்டு அடிக்கிறீங்கன்னு நெனச்சிட்டாங்க."

இருவருக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரே கம்பெனியில்தான் வேலை. அதனால் ஒரு வழி இருந்தது. ஜான்சன் பகல் ஷிப்ட், எஸ்தர் இரவு ஷிப்ட். அவள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவன் பகல் ஷிப்ட் பஸ்ஸில் ஏறுவான். சாவி கைமாறும். "கொழம்பு இருக்குது, சூடு பண்ணிக்கோ" என்பான். "சோடா வெளிக்கி போச்சா?" என்று அவள் கேட்பாள். புதுக் கல்யாணத் தம்பதியின் பேச்சு அவ்வளவுதான். பஸ் டிரைவர் ஒருநாள், "தம்பி, அது உன் வீட்டம்மாவா? நான் சாவிக்காரம்மான்னு நெனச்சேன்" என்றார்.

இப்படி இருக்கையில்தான் அந்த அதிசயம் நடந்தது. ஒருநாள் எஸ்தர் வந்த பஸ் வழியில் மக்கர் செய்து நின்றுவிட்டது. இவனுடைய பஸ் காத்திருக்காது. சோடாவின் முன்னால் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஜான்சன் நழுவி, சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். யூடியூபில் ஒருவர் நாயைப் பழக்குவதற்கு அப்படித்தான் சொல்லியிருந்தார். வெகுநேரம் கழித்து எஸ்தர் பயந்துகொண்டே வீட்டுக்கு வந்தால், வாசலில் தேவகி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சத்தமே இல்லியேம்மா. நாய் தூங்குது போல."

மேலே போய்ப் பார்த்தாள். சமையலறைத் தரையில் காலை நீட்டிப் படுத்திருந்தது.

மறுபடி மறுபடி சோதித்துப் பார்த்தார்கள். காலையில் மார்க்கெட்டுக்குப் போனார்கள், சத்தமில்லை. மத்தியானம் சாவு வீட்டுக்குப் போனார்கள், சத்தமில்லை. ஜான்சனுக்குத் தலைகால் புரியவில்லை. "ட்ரெய்னிங்குடி. பொறுமையா கத்துக்குடுத்தா கத்துக்கும்" என்று யூடியூப்காரர் பேசுகிற மாதிரியே பேசினான்.

மறுவாரமே சூப்பர்வைசர் மணிவண்ணனிடம் போய் நின்றார்கள்.

"ரெண்டு பேருக்கும் பகல் ஷிப்டா? போட்டுடலாம்" என்றார் அவர். "ஆனா ஒண்ணு. தடவ தடவ மாத்திக்கினு இருக்க முடியாது. ஆறு மாசத்துக்கு இதான். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"நிக்க மாட்டோம் சார்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி ஜான்சனைக் கேட்டால் நிறையச் சொல்வான். ஒரே பஸ், ஒரே சீட்டு. ஜன்னலோரம் யாருக்கு என்று சண்டை. அவள் தூக்கத்தில் பேசுவாள் என்பதே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

பிறகு அமாவாசை வந்தது.

வேலைத்தளத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. லாக்கரில் வைத்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தால் தேவகியிடமிருந்து வரிசையாக அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டான். அவள் பேசுவதற்கு முன்பே அந்தக் கத்தல் கேட்டது.

"நீங்க போனதுல இருந்து இதாம்பா. எங்க வூட்டுக்காரரு தலையில துண்டக் கட்டிக்கினு உக்காந்துக்கினு இருக்காரு."

பாதியில் கிளம்ப பஸ் கிடையாது. சாயங்காலம் வரை இருவரும் இரண்டு மூலையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள்.

மறுநாள் ஜான்சன் லீவு போட்டான். கதவைப் பூட்டிக்கொண்டு மாடிப்படியில் ஒளிந்து உட்கார்ந்தான். உள்ளே சோடா ஆரம்பித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் காதைப் பொத்திக்கொண்டான். கீழே மாணிக்கவேல் காபி குடித்துவிட்டு வந்து, தறிக்குழியில் காலை இறக்கினார். தடக் என்று முதல் அடி விழுந்தது. கத்தல் பாதியில் நின்றது. அடுத்த அடி. மேலே பொத்தென்று சோடா படுக்கும் சத்தம்.

ஜான்சன் படியிலிருந்து எழுந்து தறியை எட்டிப் பார்த்தான். சேலைக்குப் பூ விழவைக்கும் ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. அதன் மரச்சட்டத்தைக் கூரைக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கூரைதான் இவர்களுடைய சமையலறைத் தரை. ஒவ்வொரு அடிக்கும் தரை லேசாக அதிரும். தரை அதிர்ந்தால் வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று சோடாவுக்கு எண்ணம் போல. நேற்று அமாவாசை, தறி ஓடவில்லை; முன்பு அதைத் தனியாக விட்டதெல்லாம் தறி நின்ற பிறகு, சாயங்காலங்களில்தான். பிஸ்கட்டும் இல்லை, யூடியூபும் இல்லை.

தறிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து போட்டுப் பார்த்தான். சோடா போனைப் பார்த்து இன்னும் உரக்கக் கத்தியது. வேறு வழியில்லாமல் மாணிக்கவேலிடம் போனான்.

"அண்ணா, அமாவாசையில சும்மா ஒரு நாலு தட்டு..."

"எங்கப்பா அமாவாசையில தறியத் தொட்டதில்ல. அவங்கப்பாவும் தொட்டதில்ல. உன் நாய்க்கோசரம் நான் தொடணுமா தம்பி?"

சரி, மாதத்தில் ஒரு நாள்தானே, மாற்றி மாற்றி லீவு எடுக்கலாம் என்று எஸ்தர் சொன்னாள். அடுத்த அமாவாசைக்கு ஜான்சன் லீவு கேட்டபோது மணிவண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிறிஸ்மசுக்குக்கூட வேலைக்கு வந்தவன் நீ. அமாவாசைக்கு லீவு கேக்குற. வூட்ல எல்லாம் நல்லாத்தான இருக்குது?"

அதையும் தாங்கிக்கொண்டான். ஆனால் அந்த வாரமே தேவகி மாடிக்கு வந்து நின்றாள்.

"எஸ்தரு, தறியில பாவு நூலு முடியப்போவுது. அடுத்த பாவு வந்து, பிணைச்சு, தறி ஓட ரெண்டு வாரமாவது ஆவும். அதுவரைக்கும் அவரு சும்மாத்தான் இருப்பாரு. நீங்க என்னா பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. நாய் இருந்தா நீங்க இருக்க வேணாம்மா. மனசு கஷ்டமாத்தான் இருக்குது, ஆனா சொல்லிட்டேன்."

இரண்டு வாரம் லீவு போட்டால் வேலை போகும். பழைய ஷிப்டும் கிடைக்காது. அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை. சோடா மட்டும் மூன்று பேர் பங்கையும் சாப்பிட்டது.

"வாலாஜாபாத்துல பெரிப்பா வேல செய்ற ரைஸ் மில்லு இருக்குதுல்ல" என்றாள் எஸ்தர், அவன் முகத்தைப் பார்க்காமல். "அங்க தரையெல்லாம் எப்பவும் அதிரும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சோடாவை ஒரு பிளாஸ்டிக் கூடையில் உட்காரவைத்து ஸ்கூட்டரில் கொண்டுபோனார்கள். அறுவடைக் காலம்; மில் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்தரின் பெரியப்பா தாவீது காதருகே வந்து கத்தினார்.

"வுட்டுட்டுப் போ பாப்பா. இங்க எலித் தொல்ல தாங்கல."

"அது எலி புடிக்காது பெரிப்பா."

"எலிக்கு அது தெரியாதுல்ல."

கூடையிலிருந்து இறக்கியதும் சோடா மில்லை ஒரு சுற்று சுற்றி வந்தது. உமிக் குவியலில் ஏறியது, இறங்கியது, ஒருவருடைய லுங்கியைக் கவ்வி இழுத்தது. பிறகு பெரிய இயந்திரத்தின் அடியில் தரை நடுங்கும் இடமாகப் பார்த்துச் சுருண்டு படுத்தது. எஸ்தர் கூப்பிட்டாள். ஒரு கண்ணைத் திறந்து வாலை ஒருமுறை அசைத்துவிட்டு மூடிக்கொண்டது.

"பாருங்க, நம்மள தேடவே தேடாது" என்றாள். சொன்னவள் வழியெல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

வீடு வந்து சேர்ந்தார்கள். கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது: ஒரே ஷிப்ட், ஒரே பஸ், திட்டாத வீட்டுக்காரர்கள். எஸ்தர் இட்லி ஊற்றினாள். சூடாகச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். காலடியில் ஒரு துண்டுக்காக யாரும் குதிக்கவில்லை. ஜான்சன் சட்னியைத் தொட்டுத் தொட்டு ஒரே இட்லியை வெகுநேரம் சாப்பிட்டான்.

தட்டைக் கழுவும்போது எஸ்தரின் போன் அடித்தது. பெரியப்பா. ஸ்பீக்கரில் போட்டாள். மில் சத்தம் இல்லை. பதிலாக, கழுத்தை நெரிக்கும் அந்தக் கத்தல்.

"பாப்பா, டிரான்ஸ்பார்மர் பொகஞ்சிடுச்சு. கரண்டு எப்ப வரும்னு ஈபிகாரனுக்கே தெரியல. இது என்னா இப்படிக் கத்துது? தெரு ஜனமே மில்லு வாசல்ல வந்து நிக்குது, யாரோ மெஷின்ல மாட்டிக்கினாங்கன்னு. மொதலாளி வேற கெளம்பி வராராம். வந்து தூக்கிக்கினு போங்கம்மா."

எஸ்தர் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். ஜான்சன் ஏற்கெனவே சாவியை எடுத்திருந்தான்.

"நாளைக்கு யாரு லீவு?" என்றான்.

"மொதல்ல போலாம் வாங்க."

"வந்து எங்க வெச்சிக்கிறது?"

அவள் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். வாசலில் தேவகி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாடா, இன்னிக்குத்தான் எஸ்தரு வூடு வூடா இருக்குது. இந்த நேரத்துல எங்க கூடையோட?"

எஸ்தர் ஜான்சனைப் பார்த்தாள். ஜான்சன் கூடையைப் பார்த்தான்.

"தக்காளி வாங்கக்கா" என்றான். "வாலாஜாபாத்துல மலிவாம்."

"அப்டியா? எனக்கும் ரெண்டு கிலோ வாங்கிக்கினு வா தம்பி. நாட்டுத் தக்காளியா பாரு. நீங்க வர வரைக்கும் இங்கியேதான் உக்காந்திருப்பேன்."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு ஜான்சன் வண்டியைக் கிளப்பினான்.