முன்னால் இரண்டு புதுசு

ஹுமாயூனுக்கு ஆட்களின் முகம் நினைவில் தங்காது. கல்யாண வீட்டில் யாராவது கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னால், பதிலுக்குக் கட்டிப்பிடித்துவிட்டு, யார் இவர் என்று மனைவி முபீனாவிடம் காதோடு கேட்பார். ஆனால் டயரைக் காட்டினால் போதும். வண்டி யாருடையது, எப்போது போட்டது, வந்தவர் அன்றைக்கு டீ குடித்தாரா வேண்டாமென்றாரா என்பது வரை சொல்லிவிடுவார். ஐப்பசி மாதத்து மத்தியானம் ஒன்றில், திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் அவருடைய டயர் கடை வாசலில் நீலக் கார் ஒன்று வந்து நின்றபோதும் அவர் முதலில் பார்த்தது முன் சக்கரத்தைத்தான். கையிலிருந்த கிளாஸை மேசைமேல் வைத்தார். வைத்த பிறகும் விரல்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

காரிலிருந்து இறங்கியவன் செந்தமிழ்செல்வன். சிதம்பரத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும், காதோரம் நரைத்திருந்தது. நெற்றியில் புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. முகம் நினைவில் தங்காத ஹுமாயூனுக்கும் அது புதுசு என்று தெரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் இங்கே வந்தபோது மனைவி ஸ்ரீமதியும் வந்திருந்தாள். கடைக்குள் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலையை உடைத்துத் தின்றுகொண்டு, "எனக்கு ரெண்டு புள்ளைங்க பாய். வீட்ல ஒண்ணு. இன்னொண்ணு, இவரு துணியால தொடச்சித் தொடச்சி வளக்குறாரே, இது" என்று காரைக் காட்டிச் சிரித்தாள். சும்மா சொல்லக்கூடாது, துடைத்துத் துடைத்து வளர்க்கத் தகுந்த வண்டிதான். தாழ்வான உடம்பு, பட்டை டயர், மிதித்தால் சீறுகிற இன்ஜின். நான்கு டயரும் தேய்ந்திருந்தன. அந்த மாதம் இரண்டுதான் முடியும், மற்ற இரண்டு பொங்கலுக்கு என்றான் அவன். ஹுமாயூன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "முன்னாடி போட்டுடலாம் தம்பி. இன்ஜின் முன்னாடி, ஸ்டியரிங் முன்னாடி. முன்னாடி புதுசு இருந்தா வண்டி ஒங்க பேச்சக் கேக்கும்" என்றார். பதினொரு வருஷம் ஷார்ஜாவில் டயர் மாட்டியவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? அங்கே அப்படித்தான் மாட்டினார்கள். வருஷத்தில் நான்கு நாள் மழை பெய்தால் அதிசயம் என்று எல்லோரும் படம் எடுக்கிற ஊர். அந்த ஊர்த் தொழிலை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, ஐப்பசி கார்த்திகையில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றுகிற கடலூரில் கடை போட்டிருந்தார்.

டயர் மாட்டிய ஒன்பதாம் நாள், மழையில், புதுச்சத்திரம் தாண்டி ஒரு வளைவில், அந்தக் கார் பின்பக்கம் வழுக்கிச் சுழன்று போய்ப் புளியமரத்தில் மோதியது. மோதியது இடது பக்கம். ஸ்ரீமதி உட்கார்ந்திருந்த பக்கம். அவனுக்கு நெற்றியில் ஏழு தையல், அவ்வளவுதான்.

செய்தி கேட்டபோது ஹுமாயூன் எல்லோரையும் போலத்தான் வருத்தப்பட்டார். நான்கு மாதம் கழித்துப் புதுச்சேரியில், டயர் கடைக்காரர்களுக்கென்று ஒரு ஓட்டலில் வகுப்பு நடத்தினார்கள். பிரியாணிக்காகப் போனவர்கள்தான் பாதிப்பேர். அங்கே ஒரு பெண் திரையில் படம் போட்டுக் காட்டினாள். ஈரமான தரை, ஒரே மாதிரி இரண்டு கார்கள், இரண்டும் எழுபது கிலோமீட்டர் வேகம். பின்னால் புது டயர் போட்ட கார் வளைவில் ஒழுங்காகப் போனது. முன்னால் புதுசும் பின்னால் பழசும் போட்ட கார் அப்படியே திரும்பி, வந்த பக்கத்தைப் பார்த்து நின்றது. "முன்னாடி வழுக்குனா டிரைவருக்குக் கையில தெரியும், வேகத்தக் கொறச்சிடுவாரு. பின்னாடி வழுக்குனா தெரியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். ரெண்டு டயர்தான் புதுசுன்னா பின்னாடிதான் போடணும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். ஹுமாயூனால் போக முடியவில்லை. பிரியாணியைத் தொடாமல் பஸ் ஏறினார்.

மறுநாளிலிருந்து இரண்டு வாரம், முன்னால் புதுசு மாட்டிக்கொடுத்த ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, காசில்லாமல் முன்னதைப் பின்னால் மாற்றிக் கொடுத்தார். பாய்க்கு எவ்வளவு தங்கமான மனசு என்று ஊரே மெச்சியது. ஒரே ஒரு நம்பரை மட்டும் அவர் கூப்பிடவில்லை. முபீனாவிடம் சொன்னார். அவள், "வேணும்னேவா செஞ்சீங்க மச்சான்? வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க. அல்லாவுக்குத் தெரியும்" என்றாள். அல்லாவுக்குத் தெரியும், அந்தப் பையனுக்குத் தெரியாதே என்று ஹுமாயூன் நினைத்தார். நினைத்ததோடு சரி.

அன்றிலிருந்து தூறல் விழுந்ததும் கடைக்குள் யாரோ வேர்க்கடலை உடைப்பது கேட்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நாற்காலியைப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். நாற்காலி போய்விட்டது, சத்தம் போகவில்லை.

"நாலும் மாத்தணும் பாய்" என்றான் செந்தமிழ்செல்வன். "மழையில நிக்கிற மாதிரி பாத்துக் குடுங்க."

ஹுமாயூன் மூன்று டயர்களை உருட்டி வந்து சுவரில் சாய்த்தார். வேலை என்று வந்துவிட்டால் வாய் தானாகப் பேசியது. "இது ரேஸ் ஆளுங்க கேக்குறது. ரப்பர் மெத்து. காஞ்ச ரோட்டுல அட்டையாட்டம் ஒட்டும், ஆனா சீக்கிரம் தேஞ்சிடும். இது சத்தமே வராது, சொகுசு. இந்த மூணாவது பாருங்க, நடுவுல நாலு காவா வெட்டியிருக்கான். தண்ணிய வாரி வெளிய தள்ளிடும்."

அவன் குனிந்து மூன்றாவது டயரின் பள்ளத்துக்குள் சுட்டுவிரலை விட்டு, ஒரு சுற்று முழுக்க ஓட்டிப் பார்த்தான். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவர்களிடம் பேசுகிற அதே மெதுவான குரலில், நிமிராமலேயே பேசினான்.

"இதுல எழுபதுல போனா வழுக்குமா பாய்?"

"வழுக்காது தம்பி."

"அன்னிக்கும் எழுபதுதான் போனேன். யாரும் நம்பல. நூத்திருவதுல போயி பொண்டாட்டியக் கொன்னுட்டான்னு மாமனாரு ஊரெல்லாம் சொன்னாரு. மொதல்ல சண்ட போட்டேன். இப்ப எனக்கே நூத்திருவதுன்னுதான் ஞாபகம் வருது. கண்ண மூடுனா முள்ளு நூத்திருவதுல நிக்கிது. அவ, ஏங்க மெதுவா போங்கன்னு கத்துறா. அவ கத்துனாளான்னு கூட எனக்குத் தெரியல பாய்."

மற்றதையும் அவனே சொன்னான். இடித்த பக்கத்தைச் சரிசெய்த பிறகு கார் இவ்வளவு நாளும் வீட்டில் மூடியே கிடந்தது. மகள் ஓவியா அண்ணாகிராமத்தில் தாத்தா வைத்திலிங்கம் வீட்டில் வளர்கிறாள். ஆறு வயது. குழந்தை இனி நிரந்தரமாக அவர்களோடுதான் இருக்கும் என்று பத்திரம் எழுதி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அவன் கையெழுத்துப் போடப்போகிறான். அதற்கு முன் ஒரே ஒரு தடவை அவளைத் தன் காரில் வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போகக் கேட்டான். நான்கு டயரும் புதுசாகப் போட்டு பில்லைக் கொண்டுவந்து காட்டினால் அனுப்புகிறேன் என்று வைத்திலிங்கம் சொல்லியிருக்கிறார்.

"நீங்க ஏன் கையெழுத்துப் போடணும்?" என்றார் ஹுமாயூன். குரல் அவருடையதாக இல்லை.

"நூத்திருவதுல போறவன்கிட்ட புள்ளைய யாரு குடுப்பா? நானே குடுக்க மாட்டேன்."

"வண்டிய வித்துடலாமே தம்பி."

"வாங்குறவன் வீட்லயும் யாராவது அந்தப் பக்கம் உக்காருவாங்கல்ல."

வேலையாள் காத்தவராயன் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரங்களைக் கழற்றினான். பின் டயர் இரண்டும் மொட்டை. முன் டயர் இரண்டிலும் பள்ளம் பளிச்சென்று இருந்தது. "பாய், இது நாம போட்டதாச்சே, இன்னும் அம்பதாயிரம் ஓடுமே" என்றான் அவன், தொழில் பெருமையோடு. "உள்ள போடு" என்று ஹுமாயூன் அதட்டினார். காத்தவராயன் அவர் அதட்டிக் கேட்டதே இல்லை. அது செந்தமிழ்செல்வன் காதில் விழுந்துவிட்டதோ என்று ஹுமாயூன் திரும்பிப் பார்த்தார். அவன் பில்லை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். இப்போது சொல்லிவிடலாம் என்று ஹுமாயூன் நினைத்தார். பதினைந்து வருஷக் கடை, ஊரில் இருக்கிற பேர், கல்லூரியில் படிக்கிற மகள் எல்லாம் வரிசையாக வந்து வாயை அடைத்தன. அலைன்மென்ட் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அவன் போகவில்லை. "ஒரு ஒதவி பாய். அந்த வளைவ நான் அப்புறம் தாண்டவே இல்ல. இன்னிக்குக் கூட புவனகிரி, குறிஞ்சிப்பாடின்னு சுத்திக்கிட்டுத்தான் வந்தேன். பக்கத்துல ஒரு ஆளு இருந்தா தாண்டிடுவேன். புதுச்சத்திரம் தாண்டுற வரைக்கும் வர்றீங்களா? பஸ் ஏத்தி விட்டுடறேன்."

மாட்டேன் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இடது பக்கக் கதவைத் திறந்து, உட்காருவதற்கு முன் பிஸ்மி சொன்னார். இருக்கை வேறு உறை போட்டுப் புதுசாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒருவர் மடியில் உட்காருகிற கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்தார்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் மழை பிடித்தது. அவன் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த லாரிகள் ஹாரனை அலறவிட்டு முந்திப் போயின. புது டயர் தண்ணீரை வாரி இரண்டு பக்கமும் இறைக்கிற சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. நல்ல டயர். நல்ல டயரைத்தான் கொடுத்திருக்கிறோம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் ஒரு ஆறுதலும் இல்லை. புதுச்சத்திரம் தாண்டி வளைவு கண்ணில் பட்டதும் அவன் காரை ஓரம் கட்டினான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை இரண்டும் வெளுத்திருந்தன. நூறடி தள்ளி அந்தப் புளியமரம் நின்றது. அடியில் பட்டை உரிந்த இடத்தில் நெடுஞ்சாலைக்காரர்கள் வெள்ளை அடித்திருந்தார்கள்.

"முடியல பாய்" என்றான். "திரும்பிடலாம். அவ கத்துறது கேக்குது."

"தம்பி, நீ எழுபதுலதான் போன" என்றார் ஹுமாயூன்.

அவன் அனுதாபமாக ஒரு சிரிப்புச் சிரித்தான். ஆறுதல் சொல்பவர்களைப் பார்த்துப் பழகிய சிரிப்பு.

"ஆறுதலுக்குச் சொல்லல. ரெண்டு டயர் புதுசுன்னா பின்னாடிதான் போடணும். நான் முன்னாடி போட்டேன். பின்னாடி மொட்டையா இருந்துச்சு. அப்படிப் போட்டா மழையில எழுபதுலயே திரும்பிடும். படம் போட்டுக் காட்டுனாங்க, என் கண்ணால பாத்தேன். தப்பு என்னுது. அந்தப் பொண்ணு என்னாலதான் போச்சு."

வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது. அடிப்பான் என்று ஹுமாயூன் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம், அடிக்கவே வேண்டும் என்று கூட இருந்தது.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"ஒன்ற வருஷத்துக்கு மேல ஆச்சு."

"ஏன் சொல்லல?"

"பயம் தம்பி. வேற ஒண்ணுமில்ல."

அவன் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. எழுபது, எழுபது என்று சொல்லிப் பார்க்கிறான் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அழுகிறானா என்று தெரியவில்லை. பிறகு போனை எடுத்து, ஒரு நம்பரைத் தட்டி, ஸ்பீக்கரைப் போட்டு அவர் மடியில் வைத்தான்.

"எங்கிட்ட சொல்லிட்டீங்க. மாமாகிட்ட சொல்லுங்க."

மணி அடித்தது. ஹுமாயூன் ஸலவாத்தை மனதுக்குள் ஓதினார். வைத்திலிங்கம் எடுத்ததும் எதிலிருந்து தொடங்குவது, ஷார்ஜாவிலிருந்தா, வகுப்பிலிருந்தா என்று தடுமாறிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்கள்.

"அப்பா! டயர் போட்டுட்டியா?" என்றது ஒரு சின்னக் குரல். "நாலுமா?"

செந்தமிழ்செல்வன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். பதில் சொல்ல ஹுமாயூனைத் தவிர வண்டியில் வேறு ஆள் இல்லை.

"நாலும் போட்டாச்சும்மா" என்றார். "தாத்தாவக் கூப்புடு."

"நீங்க யாரு?"

"டயர் கடை பாய்ம்மா. தாத்தாகிட்ட ஒண்ணு சொல்லணும்."

போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, தாத்தா தாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டே அந்தக் குழந்தை ஓடியது. அங்கேயும் மழைதான் போலிருக்கிறது, ஓடு மேல் விழுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. ஹுமாயூன் மடியிலிருந்த போனை இரண்டு கையாலும் எடுத்து வாயருகே பிடித்துக்கொண்டார். வீட்டின் அந்தக் கடைசியிலிருந்து செருப்புச் சத்தம் ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது.