நான்காவது இருக்கை

தீராவும் நானும் ஏரிக்கரையில் ஒரே வீட்டில் மூன்று வருடம் குடியிருந்தோம். அவள் மழலையர் பள்ளியில் ஆசிரியை, வயது முப்பத்தொன்று. நான் அவளைவிட ஏழு வயது சிறியவள். இருவரும் ஊர்ச் சங்கத்துக்காகப் படகு வலித்தோம். நால்வர் படகில் மூன்று இடங்கள் உறுதியாகிவிட்டன. நான்காவது இடம் எங்கள் இருவரில் ஒருத்திக்கு; யாருக்கு என்பதை ஒரு தேர்வு ஓட்டம் வைத்து முடிவு செய்வார்கள்.

ஏப்ரலில் ஒரு காலை, கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"விலா எலும்புல விரிசல்டி, ஆஸ்தா. டாக்டர் ஆறு வாரம் துடுப்பத் தொடாதேங்கறார்."

"தேர்வுக்குப் பத்து நாள்தானே இருக்கு?"

"அதனாலதான் உன்கிட்ட மட்டும் சொல்றேன். இதுதான் எனக்குக் கடைசி வருஷம். வாயத் தொறந்துடாத."

தலையாட்டினேன். அன்றிலிருந்து அவள் கட்டிலில் படுக்காமல் நாற்காலியில் சாய்ந்தே தூங்கினாள். அவளைச் சிரிக்க வைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

தேர்வுக்கு முதல்நாள் மதியம் படகுக் கொட்டகைக்குப் போனேன். அவள் உடம்புக்காகத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயிற்சியாளர் பிரெபென் துடுப்புகளுக்கு மசகு தடவிக்கொண்டிருந்தார்.

"தீராவுக்கு விலா எலும்புல விரிசல். துடுப்பு வலிச்சா உடைஞ்சிடும்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அவ படகுல ஏறி உட்கார்ற விதத்தப் பார்த்தாலே தெரியுதே."

"அப்ப நிறுத்திடுங்களேன்."

"எதுக்கு? அவ உன்னவிட வேகம். எலும்பு தாங்கிச்சுன்னா அவ, தாங்கலன்னா நீ." துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு மூணு சுத்துக்குப் பதிலா அஞ்சு வைக்கிறேன். சுத்தமாத் தெரிஞ்சிடும்."

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"நீ வந்து சொன்னதும் நல்லதுதான்," என்றார். "உனக்கு வெறி போதாதோன்னு இத்தன நாளும் ஒரு சந்தேகம் இருந்துச்சு."

வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லியிருக்கலாம். உருளைக்கிழங்கு வேக வைத்தேன். இருவரும் சாப்பிட்டோம்.

தேர்வு எளிமையானது. இரண்டு படகுகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நானும் அவளும் மட்டும் படகு மாறிக்கொள்வோம். யார் ஏறினால் படகு வேகமாகப் போகிறதோ அவளுக்கு இடம். முதல் மூன்று சுற்றிலும் அவள் ஏறிய படகே முந்தியது. நான்காவதில் நாங்கள் சமமாக வந்தோம். அவள் மூச்சு எனக்குக் கேட்டது, ஒவ்வொரு இழுப்பிலும் பாதியில் அறுந்துபோகும் மூச்சு. இன்னும் ஒரு சுற்று பாக்கி. நான் கொஞ்சம் தளர்த்தியிருந்தால் அவளும் தளர்த்தியிருப்பாள். நான் தளர்த்தவில்லை. என் வாழ்நாளில் அப்படித் துடுப்பு வலித்ததே கிடையாது.

ஐந்தாவது சுற்றின் பாதியில் அவள் துடுப்பு கைநழுவியது. அவள் கத்தவில்லை. முழங்காலில் முகம் கவிழ்ந்து கிடந்தாள். பின்னால் விசைப்படகில் வந்த பிரெபென் முதலில் கடிகாரத்தை அழுத்தினார், பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார்.

மருத்துவமனைக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். இரண்டு எலும்பு உடைந்து, ஒன்று நுரையீரலைக் குத்தியிருந்தது. சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போகும்போது என் விரலைப் பிடித்து, "நல்லா இழுத்தேடி," என்றாள்.

ஜூனில் நடந்த போட்டியில் நாங்கள் தங்கம் வென்றோம். தீரா கரையில் நின்று கை தட்டினாள். அவளால் இனி மாடிப்படிகூட மூச்சு வாங்காமல் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். பதக்கத்தோடு அவளிடம் போனேன்.

"நீதான் சொன்னேன்னு பிரெபென் சொன்னாரு," என்றாள். "பாராட்டாத்தான் சொன்னாரு."

அழுதுகொண்டே பதக்கத்தைக் கழற்றினேன்.

"அழாதடி. உன் இடத்துல இருந்திருந்தா நானும் போய்ச் சொல்லியிருப்பேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். செப்டம்பரில் அவள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். இப்போது கடையில் எதிர்ப்பட்டால் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிறோம்.

அடுத்த வசந்தத்தில் பயிற்சி தொடங்கிய வாரம், பிரெபென் என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டார்.

"இந்த வருஷம் யாருக்கு எங்க வலிக்குது?"

கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொருத்தியாகச் சொன்னேன்.