புருவம் ஆறும்வரை தண்ணீர் கூடாது

மீன்காரி ஓக்புன் புருவத்தில் பச்சை குத்திக்கொண்ட மறுநாள் காலை, தண்ணீர் அவளைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. தொட்டித் தண்ணீர், குழாய்த் தண்ணீர், துறைமுகத்துக் கடல் எல்லாம் அப்படித்தான். அன்று நெத்திலிக் கருவாடு விலை ஏறியிருந்ததால், கொரியாவின் தெற்குக் கரையில் எங்கள் யோசு மீன் சந்தையில் முதலில் அதைப் பற்றித்தான் பேசினோம். காபி குடித்து முடித்த பிறகுதான் ஓக்புன் விஷயத்துக்கு வந்தோம்.

ஓக்புனுக்குப் புருவம் என்று சொல்லும்படியாக எதுவும் இருந்ததில்லை. ஐம்பது வயதுவரை அது அவளுக்கு ஒரு குறையாகவும் படவில்லை. மகள் நாரே குவாங்ஜுவில் கண்ணாடிக் கடை வேலைக்குப் போன இடத்தில் ஒரு பையனைப் பார்த்துவிட்டாள். பையனின் அம்மா ம்யோங்ஜா பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒருமுறை, வழியில் வந்ததுபோல, ஓக்புனின் கடையைப் பார்த்துவிட்டுப் போனாள். நல்ல உச்சி வெயில் நேரம். அவள் நின்ற இடம் மட்டும் யாரோ தார்ப்பாய் இழுத்துவிட்டதுபோல மங்கலாக இருந்தது. அவள் முகத்துக்கு அது பொருத்தம் என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம். பேசிய கொஞ்ச நேரமும் ஓக்புனின் ரப்பர் செருப்பைப் பார்த்தே பேசினாள். இரு வீட்டாரும் உட்கார்ந்து சாப்பிட்டுச் சம்பந்தம் பேசும் நாள் குறித்ததும், ஓக்புன் புருவம் குத்திக்கொள்வதென்று தீர்மானித்தாள். அந்த மாதிரிச் சாப்பாட்டு மேசையில் முறிந்துபோன கல்யாணங்கள் எங்கள் சந்தையிலேயே நாலைந்து உண்டு.

நாரே போனில் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

“உன்னை யாரும்மா இப்ப புருவம் கேட்டா? இந்த இடம் கெட்டுதுன்னா நான் வேற எவனையும் கட்டிக்க மாட்டேன், பாத்துக்கோ.”

“கெடாம இருக்கத்தான்டி குத்திக்கப் போறேன். உன் மாமியா என் மூஞ்சியப் பாத்துப் பேசணும். செருப்பப் பாத்துப் பேச, செருப்பா பொண்ணு குடுக்குது?”

குத்தியவள் சுன்சோன் ஊர்க்காரி; சுன்சோன்காரி என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு கைப்பையோடு ஊர் ஊராகப் போய், வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுக் குத்துவாள். அரசாங்கம் இதை டாக்டர்கள்தான் செய்ய வேண்டும் என்கிறது. போலீஸ்காரர்களின் மனைவிமார் எல்லோருக்கும் புருவம் ஒரே அச்சில் இருப்பதை மட்டும் அது கவனிக்கவில்லை. கருவாட்டுக் கடை பான்சுன் தன் வீட்டுப் பின்னறையை ஒழித்துக் கொடுத்தாள். பொழுது சாய்ந்த பிறகு, ஓக்புனைத் தரையில் படுக்கவைத்து வேலையை முடித்த சுன்சோன்காரி, கையுறையைக் கழற்றியபடி வழக்கமான பாடத்தை ஒப்பித்தாள். அவளுக்கு பஸ் கண்டக்டர் குரல்.

“இது ஆறுற வரைக்கும் தண்ணி கிட்ட வரக் கூடாது. வெயில் படக் கூடாது. குடிக்கிறத ஸ்ட்ரா போட்டுக் குடி. வாசலின் மெல்லிசா தடவு. அரிக்கும், அரிச்சா விரலால தட்டு, சொறியாத. பொருக்கு தானா உதிரணும். உரிச்சே, அந்த இடம் ஆறவே ஆறாது.”

“நான் மீன் விக்கிறவ. தண்ணி கிட்ட வராம எப்படி?”

“அதான் சொல்லிட்டேன்ல.”

ஜன்னல் துறைமுகத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. கடல் அலையடங்கிக் காது கொடுத்துக் கிடந்த நேரம். சூரியன் முன்பே போய்விட்டதால் அதன் காதில் எதுவும் விழவில்லை.

மறுநாளிலிருந்து ஓக்புன் தொட்டியில் குனிந்தால் தண்ணீர் அந்தப் பக்கச் சுவரோடு ஒதுங்கிக்கொள்ளும்; தட்டைமீன்கள் இந்தப் பக்கம் வெறுந்தரையில் கிடந்து விழிக்கும். வலை போடாமல் கையால் எடுத்தாள். வியாபாரம் சூடு பிடித்தது. மழை வந்தால் அவளைச் சுற்றி ஒரு வட்டம் காய்ந்திருக்கும். குடை மறந்தவர்கள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போனார்கள். துறைமுகப் படியில் அவள் இறங்கினால் கடல் இரண்டு படி பின்வாங்கியது. படகுக்காரர்கள் அவளை மேலேயே நிற்கச் சொல்லிக் கும்பிட்டார்கள். புதுப் புருவமோ, இரண்டு துண்டு கடற்பாசியை வறுத்து ஒட்டிய மாதிரி இருந்தது. ஆறிய பிறகுதான் நிறம் இறங்கும் என்று பான்சுன் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவளாலேயே சும்மா இருக்க முடியவில்லை.

“அக்கா, கோவமா இருக்கியா, இல்ல புருவம்தானா?”

“புருவம்தான். கோவம் இன்னும் கீழ இருக்கு.”

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. குளிக்க முடியவில்லை. வெந்நீர்க் குளியல் கூடத்தில் அவள் கால் வைத்ததும் பெரிய தொட்டி நீர் முழுக்க ஆண்கள் பக்கம் போய்விட, அங்கிருந்து சத்தம் கேட்டதும் திரும்பி வந்துவிட்டாள். ஈரத் துண்டு அவள் பக்கம் வரும்போதே காய்ந்தது. நாள் முழுக்க மீன் அறுக்கிற உடம்பு. தவிட்டால் தேய்த்துப் பார்த்தாள், நாரத்தைத் தோலால் தேய்த்துப் பார்த்தாள். மீன் வாடையோடு நாரத்தை வாடையும் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம். பூனைகள் மரியாதையான இடைவெளியில் பின்தொடர்ந்தன. சம்பந்தம் பேசும் நாள் நெருங்க நெருங்கப் பொருக்கு காய்ந்து, அரிப்பு உச்சிக்கு ஏறியது. தட்டினாள், தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில், நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, இடது புருவத்தின் வாலில் பாதி கழன்று ஆடிய பொருக்கைப் பார்த்தாள். அதோடு போய் எப்படி உட்காருவது? நகத்தால் உரித்தாள். அடியில் எள் அளவுக்கு வெள்ளையாக ஓர் இடம் நின்றுவிட்டது.

சாப்பாட்டுக் கடையில் பரிமாறியவள் பான்சுனின் தங்கை மகள்; ஆகவே அந்த அறையில் நடந்ததில் எங்களுக்கு எதுவும் விடுபடவில்லை. மாடியில் கடலைப் பார்த்த அறை. உள்ளே முழுக்க வெயில் கொட்டிக் கிடந்தது. மாப்பிள்ளையின் அப்பா பேசாமல் சாப்பிடுகிற ரகம். ஓக்புன் உட்கார்ந்ததும் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கடற்பாசி சூப் வந்தது. ஓக்புன் முன் கிண்ணத்தை வைத்ததும் சூப் எல்லாம், பஸ்ஸில் பெரியவருக்கு இடம் விடுவதுபோல, விளிம்போடு ஒதுங்கிக்கொண்டது. நாரே கண்ணை மூடிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் ஓக்புன் கைப்பையிலிருந்து ஸ்ட்ராவை எடுத்து அந்தப் பக்கமாக நீட்டி உறிஞ்சினாள். ம்யோங்ஜா சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

“சம்பந்தியம்மா, உங்களுக்குத் தண்ணியா?”

“ஆமாங்க,” என்றாள் ஓக்புன். பொய் எதுவும் தயாராக இல்லை. “ஆறுற வரைக்கும்னு சொன்னா.”

“சுன்சோன்காரிதானே?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பொருக்க உரிச்சீங்களா?”

“அரிச்சுதுங்க.”

ம்யோங்ஜா கைக்குட்டையைத் தன் தம்ளரில் நனைத்து, வலது புருவத்தில் தீட்டியிருந்த மையை அழுத்தித் துடைத்தாள். நடுவில், எள் அளவுக்கு வெள்ளையாக ஓர் இடம். அப்போதுதான் பரிமாறிய பெண் கவனித்தாள்: மேசையெல்லாம் பரவிக் கிடந்த வெயில் ம்யோங்ஜாவின் தட்டு வரைக்கும் வந்து, அங்கே மடங்கித் திரும்பியிருந்தது.

“எனக்கு வெயில்,” என்றாள் ம்யோங்ஜா. “பத்துப் பதினோரு வருஷமாச்சு. நடு மத்தியானத்துல குத்தினா, ஜன்னல் தெறந்திருந்துது. சொறியாதீங்க, உரிக்காதீங்கன்னு எத்தன பிள்ளைங்களுக்குச் சொல்லியிருப்பேன். என் கைய என்னால தடுக்க முடியல. அன்னைக்கு உங்க கடைக்கு வந்தப்போ கசகசன்னு இருந்துது, மை கரைஞ்சுடுச்சு. நிமிந்தா பாத்துருவீங்களேன்னு உங்க செருப்பையே பாத்துட்டு நின்னேன்.”

ஓக்புன் ஸ்ட்ராவைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

“என் மேல வாடை வருதுங்களா?”

“வருது. என் துணியெல்லாம் இத்தன வருஷமா நிழல்லயே காயுது. அந்த வாடைக்கு இது தேவல.”

மாப்பிள்ளையின் அப்பா இதைக் கேட்டுத் தலையாட்டினார். அன்று அவர் சொன்ன ஒரே கருத்து அதுதான். கல்யாணத் தேதியை இரண்டு பெண்களும் சூப் ஆறுவதற்குள் குறித்துவிட்டார்கள்.

கல்யாணத்தில் ஓக்புன் அழுதாள். பெண்ணைப் பெற்றவள் அழுவது வழக்கம்தான். ஆனால் கண்ணீர் அவள் கன்னத்தில் இறங்க மறுத்து, ஒரு முழம் முன்னால் தாவிப் போய், எதிரே நின்ற ம்யோங்ஜாவின் பட்டுச் சட்டையில் விழுந்தது. ம்யோங்ஜா நகரவில்லை. படம் பிடித்தவர் மட்டும் வெயிலை எந்தப் பக்கம் நிறுத்துவதென்று தெரியாமல் தவித்தார்.

ஒரு மாதம் கழித்து, எல்லோருக்கும் செய்வதுபோல விட்டுப்போன இடத்தை நிரப்பிக் கொடுக்க சுன்சோன்காரி வந்தாள். எள் அளவு இடம், ஒரு குத்துக் குத்தினால் ஆறிவிடும், தண்ணீரும் திரும்பிவிடும் என்றாள். மழைக்காலம் வருகிறது, அது முடிந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று சந்தையே ஓக்புனிடம் கெஞ்சியது. அடுத்த வருஷம் நாரேக்கு இரட்டைப் பிள்ளைகள். பிறகு ம்யோங்ஜா வீட்டுக்காரர் பேசாமலே போய்ச் சேர்ந்தார். அவள் யோசுவுக்கே குடி வந்தாள். தவிட்டுக் குளியல் ஓக்புனுக்குப் பழகிவிட்டது, பூனைகளும் பழகிவிட்டன. சுன்சோன்காரி வருஷம் தவறாமல் வந்து கேட்கிறாள், இருவரும் அடுத்த வருஷம் என்கிறார்கள். வெயில் கொளுத்தும்போதும் மழை கொட்டும்போதும் இரண்டு சம்பந்திகளும் கடல் சுவரில் ஒட்டி உட்கார்ந்து கணவாய் மெல்லுகிறார்கள். அந்த இடம் எப்போதும் உலர்ந்து, நிழலாக இருக்கும். இடம் கிடைத்தால் நாங்களும் போய் உட்காருவோம். பான்சுனின் கருவாட்டை மட்டும் அந்தப் பக்கம் காயப்போடுவதில்லை.

யாருடைய புருவம் அழகு என்பதில்தான் சந்தை இன்றுவரை இரண்டு கட்சியாக நிற்கிறது. என்னைக் கேட்டால், ஓக்புனுக்கு இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாகக் குத்திவிட்டாள்.