எழுத்து ஓடும் வகுப்பு

அண்ணன் செல்போனைத் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் அவளேதான். ஒரு துண்டை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, எட்டாக மடித்துப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டு இதைப் போட்டே?"

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் டமாரம். டமாரச் செவிடு என்று முழுசாகச் சொல்ல யாருக்கு நேரம்?

"வகுப்புல எல்லாரும் போடணும்ணா. படிச்சதை இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுத்தாத்தான் அடுத்த பாடம்."

"அதுக்கு உன் மூஞ்சியும் அந்தக் குரலும் ஊர் பூரா போகணுமா? எவனோ ஒரு லாரி டிரைவர் என் இணையப் பக்கத்துலயே கொண்டாந்து போட்டிருக்கான். 'இந்த அக்காவைப் பாருங்க சார்'னு!"

அண்ணியும் வந்து சேர்ந்தாள். "என் பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது. மாப்பிள்ளை வீட்டுல பார்த்தா குடும்ப வியாதின்னு எழுந்து போயிடுவாங்க. அவங்க வந்தப்போ உன்னை உள்ளேயே உக்கார வெச்சதெல்லாம் வீணா?"

"காய்ச்சல்ல போன காது அண்ணி. யாருக்கும் ஒட்டாது."

"கல்யாணம் முடியட்டும். அப்புறம் படி."

"அடுத்த வாரம் பரிட்சை. போன்லதான் எழுதணும்."

அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். அந்த வீட்டில் அவளோடு பேச்சை முடிக்கிற வழி அது. அவள் சுற்றிப்போய் எதிரே நின்றாள். அவர் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுடைய போன் அவருடைய அலமாரிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது.

பள்ளியில் கணக்கு வாத்தியாரும் இப்படித்தான். கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்துவார். முதுகைப் பார்த்து என்ன படிப்பது? மண்டையில் ஏறவில்லை என்று எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு பாதி வாழ்க்கை அடுப்படியில் போயிற்று. கடைசியில் கிடைத்ததுதான் இந்த இணைய வகுப்பு. விட்ட இடத்திலிருந்து படிக்க வந்தவர்களின் கூட்டம் அது. லாரி ஓட்டுகிறவர், படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு அம்மா, பேரன் எடுத்த தையல்காரர் எல்லாரும் உண்டு. யார் பேசினாலும் கீழே எழுத்து ஓடும். அங்கேதான் அவள் முதல்முறையாக ஒரு ஜோக்குக்கு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். இத்தனை நாள் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, மரியாதைக்குச் சிரித்துவைப்பாள்.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரிப் பேராசிரியர். 'எல்லாருக்கும் கல்வி' என்று இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறார். ஞாயிறுதோறும் நேரலை. யாரையும் விட்டுவிடாத கல்வி வேண்டும் என்று அவர் பேசினால் கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். காது கேளாதவர்களுக்காகத் தம் பேச்சிலும் எழுத்து ஓட வைத்தார். அதற்கு ஒரு விருதும் வாங்கினார்.

அந்த ஞாயிறும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணியும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். மகளின் மடிக்கணினி அடுத்த அறையில் மேசைமேல் இருந்தது. தங்கை அதன் முன் உட்கார்ந்தாள். புதிதாக இணையக் கணக்குத் தொடங்க வகுப்பில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். 'கடைசி பெஞ்ச்' என்று பெயர் வைத்துக்கொண்டு நேரலைக்குள் நுழைந்தாள்.

"நான் படிக்கிற போனை வீட்டில் பிடுங்கிவிட்டார்கள். இந்த வாரம் பரிட்சை. என்ன செய்வது?" என்று தட்டினாள்.

அண்ணன் அதை வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுத்து ஓடியது: "பிடுங்கினது யாரும்மா? வீட்டுக்காரரா?"

"அண்ணன்."

அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தம் தங்கையின் போன் பத்திரமாக அலமாரியில் அல்லவா இருக்கிறது!

"கூடப் பிறந்தவனா? இவனெல்லாம் ஒரு மனுஷனா? வீட்டுல இருக்கிறவளைப் படிக்க விடாதவன் வெளியில தலை காட்டலாமா?"

திரை முழுக்க இதயங்களும் கைதட்டல்களும் பறந்தன. அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"விலாசத்தைச் சொல்லுங்கம்மா. எவ்வளவு தூரமானாலும் வரேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கறேன்."

அவள் விரல்கள் நின்றன. இதற்கப்புறம் இந்த வீட்டில் இருப்பது எப்படி? வேறு வீடும் இல்லை. ஆனால் பரிட்சை போனால், மறுபடி அந்த முதுகுகள்தான். தட்டினாள்.

"தூரம் வர வேண்டாம் அண்ணா. பக்கத்து அறைதான்."

அண்ணன் முதல் வார்த்தையை வாய்விட்டுப் படித்தார். மீதியைக் கண்ணால் படித்தார். முகம் வெளுத்தது. பிறகு உதடு அசைந்தது. எழுத்து அதையும் நேர்மையாக எழுதிக் காட்டியது:

"மன்னிக்கணும். சிக்னல் சரியில்லை. எனக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

அவர் படம் மறைந்தது. ஆனால் அடியில் கருத்துகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. முதலில் லாரிக்காரர்: "சார், அக்கா போனைக் கொடுத்துட்டுப் போங்க." அடுத்து படுக்கையில் இருக்கும் அம்மா: "நாங்க எல்லாரும் இங்கேதான் இருக்கோம்மா."

அண்ணன் அறைக் கதவு படாரென்று திறந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. அவள் படித்துக்கொண்டிருந்தாள்.