சாவி இருக்கும் இடம்

அன்று காலை இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் அந்த வீட்டில் இருந்தவர்கள்: பெர்ட் லார்ட்டர், அவர் மனைவி எனிட், துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்கும் முன் சோதித்துப் பார்க்கப் போலீஸிலிருந்து வந்த ஸ்பிங்க். அப்புறம் இரும்பு பீரோவுக்குள் ஏழு இரட்டைக்குழல் துப்பாக்கிகள். ஏழும் நூறு வயதைத் தாண்டியவை.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை உண்டு. பீரோ சாவி இருக்கும் இடம் உரிமக்காரர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். கட்டிய மனைவிக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் உரிமம் போகும். நாற்பது வருடம் ஏலம் ஏலமாக அலைந்து சேர்த்த ஏழும் போகும்.

ஸ்பிங்க் டீயை உறிஞ்சினார். "பீரோவத் தொறக்கலாமா சார்?"

லார்ட்டர் பின்னறைக்குப் போய்ப் பழைய ரப்பர் பூட்ஸுக்குள் கையை விட்டார். காலி. இன்னொன்றும் காலி. தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு துளி தண்ணீர் விழுந்தது.

சமையலறையிலிருந்து எனிட் கத்தினாள். "பெர்ட்! பூட்ஸுல தேடாத. நேத்து கழுவிட்டேன். சாவி ஜாம் பாட்டிலுக்குப் பின்னால இருக்கு."

கோப்பை தட்டில் உட்காரும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்றார் ஸ்பிங்க்.

"பதினோரு வருஷமா. ஒளிச்சு வச்சுட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி விசிலடிச்சுக்கிட்டு வருவாரு. நாய்க்கே தெரிஞ்சிருக்கும், நாய் இருந்தா."

ஸ்பிங்க் சிரிக்கவில்லை. சாவியை எடுத்துவரச் சொல்லிப் பீரோவைத் திறக்கவைத்தார். எண்களைச் சரிபார்த்தார். "எல்லாத்தையும் வண்டியில ஏத்திடணும் சார். தப்பா நெனைக்காதீங்க."

முதல் துப்பாக்கியை அவர் எடுத்தபோது, குழலில் முறுக்கிய இரும்பின் வரிகள் பாம்புத் தோல் போல மின்னின. லார்ட்டர் குழலைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. வீட்டுல குடியிருக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது. அதானே சட்டம்?"

"ஆமா."

"அவ இங்க குடியில்ல. லோஸ்டாஃப்டுல தங்கச்சி வீட்டுக்குப் போறா. இன்னிக்கே. இனிமே அங்கதான்."

"எனக்கே இப்பத்தான் தெரியுது," என்றாள் எனிட்.

ஸ்பிங்க் இருவரையும் பார்த்தார். "கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு சார்?"

"இது ஆயிரத்து எண்ணூத்தி எண்பத்தொம்பதுல செஞ்சது," என்றார் லார்ட்டர், குழலை விடாமல்.

எனிட் ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

ஸ்பிங்க் வெகுநேரம் எழுதினார். "நாளைக்குக் காலையில வர்றேன். அம்மா போயிருந்தாங்கன்னா பேசலாம். அதுவரைக்கும் சாவி உங்க பாக்கெட்ட விட்டு எறங்கக் கூடாது."

துப்பாக்கியைத் திரும்ப வைத்துப் பீரோவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, லார்ட்டர் கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினார். "நாளைக்கு விட்டுருவீங்கதானே?"

ஸ்பிங்க் லார்ட்டரின் தோளைத் தாண்டி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். லார்ட்டர் பையைத் தடவினார். பீரோ சாவி மட்டும்தான் இருந்தது, வீட்டுச் சாவி இல்லை.

பின்னால் வாசல் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து பூட்டில் சாவி ஒரு சுற்று சுற்றியது. பிறகு மேல் தாழ்ப்பாள்.